குற்றவாளிகளைத் தேடிய செய்தியாளர்: ஐடா பி. வெல்ஸ்

1892ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த மெம்ஃபிஸ் நகரில் ஒரு கும்பல் 'ஃபிரீ ஸ்பீச்' என்ற சிறிய பத்திரிகையின் அலுவலகத்துக்குள் புகுந்தது. உள்ளே இருந்த அச்சுச் சாதனங்களையும் மேசை நாற்காலிகளையும் அடித்து நொறுக்கியது. இனி யாராவது அந்தப் பத்திரிகையை வெளியிட முயன்றால் அவருக்கு மரணம்தான் என்று எழுதி வைத்துவிட்டுச் சென்றது. பங்குதாரர் ஜே. எல். ஃபிளெமிங் உயிருக்குப் பயந்து நகரைவிட்டே வெளியேறிவிட்டார். ஆசிரியர் அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தால் உயிரோடு தப்பியிருப்பாரா என்பது சந்தேகமே.

அந்த ஆசிரியரின் பெயர் ஐடா பி. வெல்ஸ். அப்போது அவருக்கு வயது 29.

தாக்கியவர்கள் யார் என்பது நகரில் பலருக்கும் தெரியும். தாக்குதலுக்கு முன்பு நகரின் பருத்தி வணிகர்கள் கூடும் மன்றத்தில் முக்கியப் புள்ளிகள் ஒன்றுகூடிப் பேசியிருந்தார்கள். நகரின் நாளிதழ்களே வன்முறையைத் தூண்டி எழுதியிருந்தன. ஆனாலும் ஒருவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. காவல்துறை தேடவில்லை, நீதிமன்றம் கேட்கவில்லை. ஆகவே தேடும் வேலையைத் தாக்கப்பட்ட செய்தியாளரே கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அதை அவர் விடவில்லை.

பதினாறு வயதில் குடும்பத் தலைவி

ஐடா 1862ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தின் ஹோலி ஸ்பிரிங்ஸ் ஊரில் அடிமையாகப் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது அவருக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. தந்தை ஜேம்ஸ் தச்சர், தாய் லிஸி சமையல் வேலை செய்தவர். விடுதலை பெற்ற பிறகு இருவரும் பிள்ளைகளின் கல்வியைப் பெரிதாக நினைத்தார்கள். ஊரில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரியின் அறங்காவலர்களில் ஒருவராகத் தந்தை இருந்தார். வீட்டின் மூத்த பிள்ளையான ஐடாவும் அங்குதான் படித்தார்.

1878ஆம் ஆண்டு மஞ்சள் காய்ச்சல் பரவியது. ஐடா அப்போது பாட்டி வீட்டில் இருந்தார். தாய், தந்தை, கைக்குழந்தையான தம்பி ஆகிய மூவரும் அந்த நோய்க்குப் பலியானார்கள். எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் வளர்க்கலாம் என்று தந்தையின் நண்பர்கள் முடிவு செய்தபோது, பதினாறு வயது ஐடா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. தம்பி தங்கைகளைப் பிரிக்கவிடாமல், வயதைக் கூட்டிச் சொல்லி, ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியை வேலையில் சேர்ந்தார். நம்மில் பலர் அந்த வயதில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்போம். அவர் ஒரு குடும்பத்தைச் சுமந்துகொண்டிருந்தார்.

சில ஆண்டுகளில் மெம்ஃபிஸ் பக்கம் குடிபெயர்ந்தார். ஒரு நாள் ரயிலில் பெண்களுக்கான பெட்டியில் பயணச்சீட்டோடு உட்கார்ந்திருந்தவரை, எழுந்து புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகும்படி நடத்துநர் சொன்னார். ஐடா மறுத்தார். கையைப் பிடித்து இழுத்த நடத்துநரைக் கடித்தும்விட்டார். கடைசியில் மூன்று ஆண்கள் சேர்ந்து அவரை அப்புறப்படுத்தினார்கள். பெட்டியில் இருந்த மற்றவர்கள் கைதட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட 1893ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஐடாவுக்கு நேர்ந்தது அதற்கும் முந்தியது.

அவர் ரயில் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார். 1884ஆம் ஆண்டு இறுதியில் நீதிமன்றம் அவருக்கு 500 டாலர் இழப்பீடு வழங்கியது. ஆனால் 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்குச் செலவையும் அவர் தலையில் கட்டியது. சட்டம் தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டது. அந்த அனுபவத்தைப் பற்றி எழுதிய கட்டுரைதான் அவரைப் பத்திரிகை உலகுக்குக் கொண்டுவந்தது. 'அயோலா' என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரைகளைப் பல ஊர்களின் கறுப்பினப் பத்திரிகைகள் எடுத்து வெளியிட்டன.

1889இல் 'ஃபிரீ ஸ்பீச்' பத்திரிகையில் பங்கு வாங்கி அதன் ஆசிரியரானார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வேறு பத்திரிகையைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்ததும், தம் பத்திரிகையை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடத் தொடங்கினார். படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கினார். வீட்டுக்குப் போனால் படித்துச் சொல்ல யாராவது இருப்பார்கள். 1891இல் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று எழுதியதற்காக அவருடைய ஆசிரியை வேலை பறிபோனது. அதன் பிறகு பத்திரிகையே அவருக்கு முழுநேரத் தொழில்.

மளிகைக் கடையில் தொடங்கியது

மெம்ஃபிஸ் நகரின் ஓரத்தில் 'பீப்பிள்ஸ் குரோசரி' என்ற மளிகைக் கடையைக் கறுப்பினத்தவர் சிலர் கூட்டாக நடத்தி வந்தார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் மோஸ். பகலில் தபால்காரர், மாலையில் கடைக்காரர். ஐடாவின் நெருங்கிய நண்பர், அவருடைய மகளுக்கு ஐடா ஞானத்தாய். அதே வட்டாரத்தில் ஒரு வெள்ளையர் நடத்திய மளிகைக் கடைக்கு இந்தப் புதிய கடையால் வியாபாரம் குறைந்தது.

1892 மார்ச் மாதத் தொடக்கத்தில் கோலி விளையாடிய சிறுவர்களிடையே சண்டை மூண்டது. அது பெரியவர்களின் சண்டையாக வளர்ந்தது. கடையைத் தாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியதால் கடைக்காரர்கள் காவலுக்கு ஆள் வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை இரவு ஆயுதங்களோடு சிலர் கடையை நெருங்கியபோது உள்ளே இருந்தவர்கள் சுட்டார்கள். வந்தவர்களில் மூவர் காயமடைந்தனர். அவர்கள் ஷெரிஃபின் உதவி அதிகாரிகள் என்று பிறகு அறிவிக்கப்பட்டது. மோஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டுவர்ட் ஆகிய மூவரும் மேலும் பலரும் சிறையில் அடைக்கப்பட்டனர்.

மார்ச் 9ஆம் தேதி அதிகாலையில் முகமூடி அணிந்த சுமார் 75 பேர் சிறைக்குள் புகுந்து அந்த மூவரையும் இழுத்துச் சென்று, நகருக்கு வெளியே ரயில் பாதையோரம் சுட்டுக் கொன்றார்கள். காலையில் வெளிவந்த நாளிதழ்களில் கொலையின் ஒவ்வொரு கட்டமும் விவரமாக இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். ஆனால் கொலையாளிகள் யார் என்று மட்டும் எந்த அதிகாரிக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து விசாரணை அறிக்கைகளில் இது வழக்கமான முடிவு. கொன்றவர்கள் அடையாளம் தெரியாத நபர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் கோப்பை மூடிவிடலாம்.

வெளியூர் போயிருந்த ஐடா திரும்பி வந்து எழுதினார். கறுப்பின மக்களின் உயிரையும் உடைமையையும் காக்காத இந்த நகரைவிட்டு வெளியேறுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் மேற்கே ஒக்லஹோமா பக்கம் புறப்பட்டுப் போனார்கள். இருந்தவர்கள் டிராம் வண்டிகளில் ஏறுவதைக் குறைத்துக்கொண்டார்கள். வருமானம் சரிந்ததும் டிராம் நிறுவன அதிகாரிகள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து காரணம் கேட்டார்கள். அவர்கள் வந்து போனதையும் ஐடா செய்தியாக எழுதினார். அதே நேரத்தில் ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு பொய்யைச் சோதித்துப் பார்த்தார்

சட்டத்தின் விசாரணை இல்லாமல் கும்பலே பிடித்துக் கொல்லும் இந்த வழக்கத்துக்கு 'லின்ச்சிங்' என்று பெயர். தென்மாநிலங்களில் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் ஒன்றுதான்: கறுப்பின ஆண்கள் வெள்ளையினப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்கிறார்கள், அந்தக் கோபத்தில் மக்கள் சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள். வடமாநிலத்தாரும் இதை நம்பினார்கள். கறுப்பினத்தவரிலேயே பலர் அரைகுறையாக நம்பினார்கள். ஐடாவும் தொடக்கத்தில் அதைப் பெரிதாகக் கேள்வி கேட்டதில்லை.

ஆனால் தாமஸ் மோஸ் செய்த குற்றம் வியாபாரத்தில் போட்டியிட்டது மட்டுமே. அப்படியானால் மற்ற கொலைகளின் உண்மை என்ன? ஐடா ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினார். கொலை நடந்த ஊர்களுக்குச் சென்று விசாரித்தார். 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியல்களை எடுத்து வைத்து எண்ணினார். எட்டு ஆண்டுகளில் 728 கறுப்பினத்தவர் கும்பல்களால் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் பாலியல் குற்றச்சாட்டே இருந்தது. அதுவும் வெறும் குற்றச்சாட்டுதான், நிரூபிக்கப்பட்டதன்று. மற்றவர்கள் வாய்த்தகராறு, கடன், திருட்டுச் சந்தேகம் போன்ற காரணங்களுக்காகச் செத்தவர்கள். பாலியல் குற்றம் என்று சொல்லப்பட்ட சில வழக்குகளில் இருவரும் விரும்பியே பழகியிருந்தார்கள் என்பதும் தெரிந்தது.

மே 21ஆம் தேதி இதழின் தலையங்கத்தில் இதைத்தான் அவர் தொட்டார். ஒரே வாரத்தில் எட்டுப் பேர் கொல்லப்பட்டதைக் குறிப்பிட்டு, அந்தப் பழைய பொய்யை இனி யாரும் நம்பப் போவதில்லை என்றார். தொடர்ந்து அதையே சொல்லிவந்தால் வெள்ளையினப் பெண்களின் நற்பெயரே கேள்விக்குள்ளாகும் என்றும் எழுதினார். சில வரிகள்தான். ஆனால் நகரமே கொதித்தது. எழுதியவர் ஓர் ஆண் என்று நினைத்த நாளிதழ் ஒன்று, அவரைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்ய வேண்டும் என்ற அளவுக்குப் போனது. சில நாள்களில் அலுவலகம் தரைமட்டமானது.

அப்போது ஐடா ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டை முடித்துக்கொண்டு நியூயார்க் வந்து சேர்ந்திருந்தார். 'நியூயார்க் ஏஜ்' பத்திரிகையின் ஆசிரியர் டி. தாமஸ் ஃபார்ச்சூன்தான் அவரிடம் செய்தியைச் சொன்னார். திரும்பி வராதே, ரயில் நிலையத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று மெம்ஃபிஸ் நண்பர்களிடமிருந்து தகவல் வந்தது. உழைத்துச் சேர்த்த பணம் முழுவதும் அந்த அச்சகத்தில் போயிருந்தது. 'ஃபிரீ ஸ்பீச்' இதழின் முழுப் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை. நமக்குத் தெரிந்த வரிகள் மற்றப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டவையும் ஐடாவே பின்னர் தம் நூல்களில் பதிவு செய்தவையும்தான்.

நாடு கடந்த செய்தி

ஒரே மாதத்தில் பதில் வந்தது. ஜூன் 25ஆம் தேதி 'நியூயார்க் ஏஜ்' முதல் பக்கத்தில் ஐடாவின் நீண்ட கட்டுரை வெளியானது. பெயர், ஊர், தேதி என எல்லா விவரங்களும் அதில் இருந்தன. அந்த இதழில் பத்தாயிரம் பிரதிகள் அச்சாயின. அவற்றில் ஆயிரம் மெம்ஃபிஸ் தெருக்களிலேயே விற்றன. எந்த ஊரில் அவருடைய குரலை அடைத்தார்களோ அந்த ஊருக்கே அது போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் கட்டுரை சிறு நூலாக வந்தது. 1895இல் 'தி ரெட் ரெக்கார்ட்' என்ற விரிவான நூலை வெளியிட்டார்.

அவருடைய முறையைக் கவனிக்க வேண்டும். தம் கருத்துக்குச் சான்றாகக் கறுப்பினப் பத்திரிகைகளை அவர் அதிகம் காட்டவில்லை. வெள்ளையினப் பத்திரிகைகள் தாமே வெளியிட்ட எண்ணிக்கையையும் செய்தியையுமே எடுத்துக்காட்டினார். எதிர்த்தரப்பு தன் வாயால் சொன்னதை எப்படி மறுக்கும்? ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இன்றும் இது நல்ல பாடம்.

1893இலும் 1894இலும் பிரிட்டன் சென்று ஊர் ஊராகப் பேசினார். தென்மாநிலப் பருத்தியின் பெரிய வாடிக்கையாளர் பிரிட்டன். அங்கே நகரின் பெயர் கெட்டால் வியாபாரம் கெடும் என்பதை மெம்ஃபிஸ் வணிகர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1894 ஆகஸ்ட் கடைசியில் மெம்ஃபிஸ் அருகே, கைது செய்யப்பட்டு வண்டியில் கொண்டுபோகப்பட்ட ஆறு கறுப்பின ஆண்களை ஒரு கும்பல் கொன்றது. இம்முறை நகரின் நாளிதழ்கள் கொலையைக் கண்டித்தன. 13 வெள்ளையர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. கடைசியில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அடையாளம் தெரியாத நபர்கள் என்று கோப்பை மூடிய இடத்தில் இப்போது பெயர்கள் எழுதப்பட்டிருந்தன.

சிகாகோவில்

1895இல் சிகாகோவைச் சேர்ந்த வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான ஃபெர்டினண்ட் பார்னெட்டை மணந்துகொண்டார். கணவரின் பெயரோடு தம் குடும்பப் பெயரையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். அக்காலத்தில் அது அரிது. நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். 1898இல் தென் கரோலினா மாநிலத்தில் கறுப்பினத் தபால் அதிகாரி ஃபிரேசர் பேக்கரும் அவருடைய குழந்தையும் கும்பலால் கொல்லப்பட்டபோது, ஐடா வாஷிங்டன் சென்று அதிபர் மெக்கின்லியைச் சந்தித்து நடவடிக்கை கேட்டார். அடுத்த ஆண்டு 13 பேர் மத்திய நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். ஜூரிகள் ஒத்த முடிவுக்கு வராததால் அவர்களும் தப்பினர்.

1909 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ ஊரில் வில் ஜேம்ஸ் என்பவரை ஒரு பெருங்கூட்டம் ஷெரிஃபின் காவலிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. கைதியைக் கும்பலிடம் பறிகொடுக்கும் ஷெரிஃப் பதவி இழப்பார் என்று 1905ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதன்படி பதவி இழந்த ஃபிராங்க் டேவிஸ், தம்மை மீண்டும் அமர்த்தும்படி ஆளுநரிடம் மனு செய்தார். அவருக்கு ஆதரவாகக் கறுப்பினத்தவர் சிலரே கையெழுத்திட்டிருந்தார்கள். ஐடாவுக்குக் களைப்பு. எப்போதும் நானேதான் போக வேண்டுமா என்ற வருத்தமும் இருந்தது. நீங்கள் போகாவிட்டால் வேறு யாரும் போக மாட்டார்களே என்று மூத்த மகன் சொன்னதைக் கேட்டுத்தான் மனம் மாறினார்.

கெய்ரோவில் மக்களைச் சந்தித்து, அன்று நடந்ததைத் திரட்டினார். கைதியைக் காப்பாற்ற ஷெரிஃப் உண்மையில் என்ன செய்தார், எதைச் செய்யத் தவறினார் என்று விசாரித்தார். பிறகு மாநிலத் தலைநகரில் ஆளுநர் சார்ல்ஸ் டெனீன் முன்னிலையில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு எதிரே நின்று வாதிட்டார். ஆளுநர் மனுவை நிராகரித்தார். கொலைக் கும்பலுக்கு வழிவிட்ட அதிகாரி பதவியை இழந்தார். இத்தனை ஆண்டுத் தேடலில் பொறுப்பானவர் ஒருவருக்கு உண்மையான விளைவு கிடைத்த அரிய தருணம் அது.

1919இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் எலெய்ன் வட்டாரத்தில் குத்தகை விவசாயிகள் சங்கம் அமைத்தபோது பெரும் படுகொலை நடந்தது. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆனால் மரண தண்டனை விதிக்கப்பட்ட 12 பேரும் கறுப்பின விவசாயிகளே. ஐம்பத்தேழு வயது ஐடா, கைதிகளின் உறவினர்போல நடித்துச் சிறைக்குள் சென்று, அவர்கள் வாயாலேயே நடந்ததைக் கேட்டு எழுதி வெளியிட்டார். பலருடைய போராட்டத்தின் பயனாக 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பன்னிருவரும் பின்னர் விடுதலை பெற்றனர்.

முடியாத வாக்கியம்

ஐடா தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தபோதே நோயுற்று, 1931ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி தமது 68ஆம் வயதில் காலமானார். அந்த நூல் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனது. மகள் அல்ஃப்ரீடா டஸ்டர் அதைத் தொகுத்து 1970இல் வெளியிட்டார். அச்சகம் உடைக்கப்பட்டு 128 ஆண்டுகள் கழித்து, 2020இல் அவருக்குப் புலிட்சர் சிறப்பு விருது வழங்கப்பட்டது. கும்பல் கொலைக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஏறக்குறைய 200 முறை மசோதாக்கள் கொண்டுவரப்பட்டுத் தோற்றன. அதற்கான மத்திய சட்டம் 2022 மார்ச் மாதத்தில்தான் கையெழுத்தானது.

தாமஸ் மோஸைக் கொன்றவர்களும் 'ஃபிரீ ஸ்பீச்' அலுவலகத்தை உடைத்தவர்களும் தண்டிக்கப்படாமலே வாழ்ந்து மறைந்தார்கள். இதை மறைத்துவிட்டு ஐடாவின் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது சரியாகாது. செய்தியாளர்களைத் தாக்குவோர் தப்பிவிடும் நிலை இன்றும் மாறவில்லை. அதற்கு முடிவு காண வலியுறுத்தி ஐக்கிய நாடுகள் மன்றம் ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் தேதியை அனுசரிக்கிறது. செய்தியாளர் கொலைகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை தீர்க்கப்படாமலே இருக்கின்றன என்று யுனெஸ்கோ கூறுகிறது.

குற்றம் செய்தவர்களுக்கு மிகவும் உதவுவது காலம். சில ஆண்டுகள் போனால் சாட்சிகள் மறந்துவிடுவார்கள், கோப்புகள் தொலைந்துவிடும், அடையாளம் தெரியாத நபர்கள் என்ற வரி மட்டும் மிஞ்சும். ஐடா அந்த வரியை ஏற்க மறுத்தார். யார், எங்கே, எந்த நாளில், எதற்காக என்று எழுதி வைத்தார். நீதிமன்றம் அவர்களைத் தண்டிக்கவில்லை என்றாலும், மெம்ஃபிஸ் ரயில் பாதையோரம் அன்று என்ன நடந்தது என்பது இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஒரு மாணவருக்குக்கூடத் தெரிகிறது. தாமஸ் மோஸ் ஒரு குற்றவாளி அல்லர், வீட்டுக்கு வீடு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு தபால்காரர் என்பதும் தெரிகிறது.